மூக்கும் கையும் போதும்: சமையலறைக் கழிவைச் சூடாக மட்கவைப்பது எப்படி

காய்த் தோலை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிந்து வைத்தால், இரண்டு மூன்று நாளில் பை உப்பிவிடும். அவிழ்த்தால் குமட்டும். அதே தோலைக் காய்ந்த இலையோடு கலந்து காற்றுப்பட வைத்தால் நாற்றமே வராது. முதலாவது அழுகல், இரண்டாவது மட்குதல். இரண்டையும் செய்பவை நுண்ணுயிரிகள்தான். ஆனால் ஒரே கூட்டம் அல்ல. காற்றில்லாத இடத்தில் வாழும் கூட்டம் மீத்தேனையும் நாறும் அமிலங்களையும் விட்டுவிட்டுப் போகும். காற்றோடு வாழும் கூட்டம் கரியமில வாயு, நீராவி, சூடு ஆகியவற்றை வெளியேற்றி, கடைசியில் கறுத்த மட்கைத் தரும். எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு. குப்பைமேட்டில் ஆழப் புதையும் உணவுக் கழிவு இந்த மீத்தேன் வழியில்தான் போகிறது.

எனவே மட்கு உரம் போடுவதில் நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி, குவியலுக்குள் காற்று நிற்க இடம் வைப்பதுதான். கார்பன், நைட்ரஜன் விகிதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். வீட்டுக் குவியல் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும்.

பச்சை எவ்வளவு, காய்ந்தது எவ்வளவு

நைட்ரஜன் மிகுந்ததைப் பச்சை என்றும், கார்பன் மிகுந்ததைக் காய்ந்தது என்றும் சொல்வது வழக்கம். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். காபித் தூள் சக்கை பழுப்பாக இருந்தாலும் பச்சைக் கணக்கு. சாணமும் அப்படியே. பச்சையாக அறுத்து உலர்த்திய புல் வெளுத்துப்போனாலும் பச்சைக் கணக்கில்தான் வரும்.

ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்பதுதான் விகிதம். சமையலறைக் கழிவில் அது 15 முதல் 20. புதிதாக வெட்டிய புல்லிலும் அதே அளவுதான். உதிர்ந்த இலையில் 50, 60 வரை போகும். வைக்கோலில் 80 அளவில் இருக்கும். மரத்தூளில் 300 முதல் 500. குவியலைத் தொடங்கும்போது மொத்தத்தில் 25 முதல் 30 வரை இருந்தால் நுண்ணுயிரிகள் மளமளவென்று பெருகும். 20க்குக் கீழே போனால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். 40க்கு மேலே போனால் குவியல் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 10 கிலோ சமையலறைக் கழிவில் ஏறக்குறைய 8 கிலோ நீர்தான். மீதி 2 கிலோ உலர் எடையில் கார்பன் 900 கிராம், நைட்ரஜன் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு 3 கிலோ காய்ந்த இலை சேர்த்தால் விகிதம் 29க்கு வந்துவிடும். ஏட்டுக்கணக்கு முடிந்தது. ஆனால் அந்தக் கலவையின் ஈரம் 65 சதவீதம். தேவையோ 50 முதல் 60. இன்னொரு கிலோ இலை போட்டால் விகிதம் 32 ஆகும், ஈரம் 61 சதவீதத்துக்கு இறங்கும். விகிதம் கொஞ்சம் கூடினால் குவியல் சற்று மெதுவாகும், அவ்வளவுதான். ஈரம் கூடினால் நாறும். அதனால் 4 கிலோ போடுவதே சரி.

மரத்தூளில் இந்தக் கோளாறு இன்னும் வெளிப்படை. அதே 10 கிலோ கழிவுக்கு ஒன்றரை கிலோ மரத்தூள் போட்டாலே விகிதம் 30 ஆகிவிடும். ஈரமோ 71 சதவீதத்தில் நிற்கும். போதாததற்கு, மரத்தூளின் கார்பன், மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருளோடு பிணைந்தது. நுண்ணுயிரிகளுக்கு லேசில் கிடைக்காது. கணக்கில் இருக்கும், வாய்க்கு எட்டாது. மரத்தூளை மட்டும் நம்பிப் போட்ட தொட்டி சேறாகிப்போவது இதனால்தான்.

தராசு இல்லாதவர்கள் வாளியால் அளக்கலாம். ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு, அமுக்காமல் நிரப்பிய காய்ந்த இலை இரண்டு முதல் மூன்று வாளி. சந்தேகம் வந்தால் மூன்று. இலை உதிரும் காலத்தில் சாக்குகளில் அடைத்து மழை படாத இடத்தில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் கவலையில்லை. சமையலறைக் கழிவுக்குப் பஞ்சம் வராது. காய்ந்த இலைக்குத்தான் வரும்.

போடக் கூடாதவை

இறைச்சி, மீன், எண்ணெய், பால் பொருள்கள் மட்காது என்பதல்ல. நன்றாகவே மட்கும். ஆனால் எலியைக் கூப்பிடும், நாறும். சிறு குவியலில் கட்டுப்படுத்த முடியாது. பூனை, நாயின் கழிவையும் சேர்க்கக் கூடாது. பூனையின் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும், நாயின் கழிவில் டாக்ஸோகாரா என்ற புழுவின் முட்டையும் இருக்கக்கூடும். நிலக்கரிச் சாம்பல், பெயின்ட் அடித்த மரம், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தூட்டிய மரம் எதுவும் வேண்டாம். பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக், உரத்தைச் சலிக்கும்போது அப்படியே வந்து நிற்கும். ‘மட்கும் பை’ என்று அச்சிட்ட பைகளில் பல, தொழிற்கூடத்தில் வாரக்கணக்கில் 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்தால்தான் சிதையும். வீட்டுக் குவியலில் கந்தலாகிக் கிடக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. குளோபைராலிட், அமினோபைராலிட் என்ற களைக்கொல்லிகள் புல்லில் தெளிக்கப்பட்டால், அந்தப் புல்லிலும், அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும் தங்கிவிடும். மட்கும் சூட்டுக்கும் அவை அழிவதில்லை. உரத்தில் மிகச் சிறிய அளவு இருந்தாலே தக்காளி, அவரை இனங்கள் இலை சுருண்டு போகும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத வைக்கோலையோ சாணத்தையோ சேர்த்திருந்தால், உரம் ஆனபின் மூன்று தொட்டியில் அந்த உரம் கலந்த மண்ணிலும், மூன்று தொட்டியில் உரம் கலக்காத மண்ணிலும் பீன்ஸ் விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். உரம் போட்ட தொட்டிகளில் மட்டும் புதிய இலை கிண்ணம்போல் குவிந்தால், அந்த உரம் தோட்டத்துக்கு ஆகாது.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலும் வெங்காயமும் கூடாது என்று பரவலாகச் சொல்வார்கள். மண்புழுத் தொட்டிக்கு அது சரியான எச்சரிக்கை. சூடான குவியலுக்குப் பொருந்தாது. நறுக்கிப் போட்டால் போதும்.

குவியலைக் கட்டுவது

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர். இதைவிடச் சிறியதானால் உள்ளே உண்டாகும் சூடு ஓரம் வழியாகத் தப்பித்துவிடும். உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் தன் பாரத்தாலேயே அடிப்பகுதி அமுங்கிக் காற்று நின்றுபோகும். இந்த அளவுக்குப் பொருள் ஒரே நாளில் கிடைக்காது. மூடியுள்ள வாளியில் கழிவையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சேர்த்து வையுங்கள். புல் வெட்டும் நாளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டலாம்.

வெறும் மண்தரையில், நீர் தேங்காத இடத்தில் வையுங்கள். அடியில் விரல் தடிமனுள்ள சுள்ளிகளை 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சூடான காற்று மேலே எழும்போது புதுக் காற்று அடியிலிருந்துதான் இழுக்கப்படும். எலித் தொல்லை உள்ள இடமென்றால் சுள்ளிக்கும் கீழே 6 மி.மீ. துளையுள்ள கம்பிவலை விரித்துவிட வேண்டும்.

பொருள்களை 2 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிப் போடுவது நல்லது என்று நினைக்க வேண்டாம். கூழில் இடுக்கு இருக்காது. முழு அட்டைப் பெட்டியும் அடுக்கிய இலைகளும் இதே கோளாறு செய்யும். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தகடுபோல் நின்று நீரையும் காற்றையும் மறிக்கும். கிழித்து, நொறுக்கிப் போட வேண்டும்.

அடுக்கடுக்காகப் போடுவது பார்க்க அழகு. கலந்து போடுவதுதான் பலன். அடுக்கினால் பச்சை அடுக்கில் நைட்ரஜன் குவிந்து அழுகும், காய்ந்த அடுக்கு சும்மா கிடக்கும். தரையில் கொட்டிப் பல் வைத்த மண்வாரியால் புரட்டிக் கலந்து, பிறகு குவியுங்கள். ஒவ்வொரு 30 செ.மீ. உயரத்துக்கும் ஈரத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மேலே 5 செ.மீ. காய்ந்த இலையைப் போர்த்தினால் பழ ஈ வராது.

நுண்ணுயிரிக் கரைசல் வாங்கித் தெளிக்கத் தேவையில்லை. இலையிலும் தோலிலும் அவை ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மனத் திருப்திக்கு வேண்டுமானால் பழைய உரத்தில் இரண்டு கைப்பிடி தூவலாம். சுண்ணாம்பு தூவுவதை மட்டும் விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் அமிலம் ஏறுவது இயல்பு, தானாகவே இறங்கிவிடும். சுண்ணாம்பு போட்டால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறப்பதுதான் மிச்சம்.

கைப்பிடிச் சோதனை

குவியலின் ஓரத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு முழம் உள்ளே கைவிட்டு எடுங்கள். உள்ளங்கையில் வைத்து முழுப் பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம். சொட்டே வராமல், கையை விரித்ததும் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. கையை விரித்தபின் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும்.

துல்லியம் வேண்டுமென்றால் 100 கிராம் எடுத்து மின்சார ஓவனில் 105 டிகிரியில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்துங்கள். 45 கிராம் மிஞ்சினால் ஈரம் 55 சதவீதம். ஒருமுறை இதைச் செய்து, அதே பிடியைக் கையாலும் பிழிந்து பார்த்துவிட்டால், அதற்குப்பின் கையே அளவுகோல்.

சூடு

சரியாகக் கட்டிய குவியல் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் 40 டிகிரியைத் தாண்டும். பிறகு 55 முதல் 65 வரை ஏறும். அரை மீட்டர் நீளக் கம்பியுள்ள வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் 40ஐ ஒட்டி. பிடித்துக்கொண்டே இருக்க முடியாமல் கையை எடுத்துவிட்டால் 55க்கு மேல்.

இந்தச் சூடுதான் களைவிதையையும் நோய்க்கிருமியையும் கொல்கிறது. கழிவுநீர்க் கசடை நீள்வரிசைக் குவியலாக மட்கவைப்போருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்துள்ள விதி, 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் குறைந்தது ஐந்து முறை புரட்டல். ஐந்து முறை ஏன்? குவியலின் வெளித்தோல் எப்போதும் சூடேறாது. ஓரத்தில் கிடந்ததெல்லாம் ஒருமுறையாவது நடுவுக்குப் போய் வர வேண்டும். வீட்டுக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

65ஐத் தாண்டினால் உடனே புரட்டுங்கள். 70க்கு மேல் வேலை செய்கிற நுண்ணுயிரிகளே மடியத் தொடங்கும். 45க்குக் கீழே இறங்கினாலும் புரட்ட வேண்டும். வெளியில் இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் தள்ளிப் பக்கத்தில் புதுக் குவியலாகக் கட்டுவதுதான் புரட்டல். மேலாகக் கிண்டிவிடுவது அல்ல. முதல் புரட்டல் நான்காம், ஐந்தாம் நாளில் வரும். அதன்பின் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. புரட்டியதும் சூடு இறங்கி, மறுநாளே திரும்ப ஏறும்.

ஏறவில்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்று: ஈரம் வற்றிவிட்டது, அல்லது தீனி தீர்ந்துவிட்டது. நீர் தெளித்துப் புரட்டிப் பாருங்கள். ஏறினால் ஈரப் பஞ்சம்தான். ஏறாவிட்டால் சூட்டுக்கட்டம் முடிந்தது.

புரட்டும்போது நடுவில் சாம்பல் தூவியதுபோல் வெள்ளைப் படலம் தெரியும். பலர் பூசணம் பிடித்துவிட்டது என்று பயந்து தூக்கிப் போடுவார்கள். அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம்; முதல் மழைக்கு வரும் மண்வாசனையைத் தருவதும் இந்தக் கூட்டம்தான். இருப்பது நல்லதே. ஆனால் படலம் தடித்துத் தூசி பறந்தால் நடுப்பகுதி காய்ந்துவிட்டது என்று பொருள். நீர் தெளியுங்கள்.

அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளும், சில வேளைகளில் லெஜியோனெல்லா பாக்டீரியாவும் அதில் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் புரட்ட வேண்டாம். மற்றவர்களும் காய்ந்த குவியலை நனைத்துவிட்டுத் தொடங்குவதும், முடிந்தபின் கை கழுவுவதும் நல்லது.

மூக்கு சொல்வது

அழுகிய முட்டை நாற்றமும் புளித்த வாந்தி நாற்றமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: காற்று இல்லை. பிரித்துப் போட்டு, நொறுக்கிய இலையும் சுள்ளியும் கலந்து, தளர்வாகத் திரும்பக் கட்டுங்கள். ஒரே நாளில் நாற்றம் குறையும். மேலே மட்டும் இலை தூவுவது நாற்றத்தை மூடிவைப்பதுதான்.

மூக்கைச் சுரீரென்று குத்தும் அம்மோனியா நெடி வேறு கதை. அங்கே காற்று இருக்கிறது, நைட்ரஜன் கூடிவிட்டது. புல்லும் சாணமும் மட்டும் குவித்தால் இப்படித்தான் ஆகும். இலையோ மரத்தூளோ கிழித்த அட்டையோ சேர்க்க வேண்டும். மரத்தூள் நன்றாகப் பயன்படும் இடம் இதுதான்.

நாற்றமும் இல்லை, சூடும் இல்லை, எறும்பு ஊர்கிறது என்றால் குவியல் காய்ந்து கிடக்கிறது. பழுப்பு நிறத்தில், கண்டம் கண்டமாக, கொழுத்த புழுக்கள் நெளிந்தால் பதற வேண்டாம். அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்னும், வளர்ந்த ஈ வீட்டு ஈயைப்போல் சாப்பாட்டில் உட்காராது. ஆனால் அவை மண்டியிருந்தால் ஈரமும் பச்சையும் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இடம் இல்லாதவர்களுக்கு

200 லிட்டர் டிரம்மில் அடியிலும் பக்கங்களிலும் 15 செ.மீ. இடைவெளியில் 1 செ.மீ. துளைகள் போட்டு, இதே கலவையைப் போடலாம். கொஞ்சம் சூடேறி இறங்கிவிடும். அதனால் விதை முற்றிய களைகளையும் நோய்ப்பட்ட செடியையும் அதில் போடாதீர்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். வாரம் ஒருமுறை கிளறினால் போதும். உரம் தரத்தில் தாழ்ந்ததல்ல, பொறுமைதான் வேண்டும்.

ஆறவைத்தலும் சோதனையும்

புரட்டியும் சூடு ஏறாத குவியலை உரம் என்று நினைத்து எடுத்துவிடுவதுதான் கடைசிக் கட்டத்தில் நடக்கும் தவறு. இன்னும் நான்கு முதல் எட்டு வாரம் ஈரம் காயாமல் ஆறவிட வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பூஞ்சைகளும் மரவட்டைகளும் மண்புழுக்களும் வந்து மிச்சத்தை முடிக்கும். பாதி வெந்த உரத்தைச் செடிக்குப் போட்டால், அதில் மட்காமல் இருக்கும் கார்பனைத் தின்ன நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள நைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். செடி மஞ்சளாகும். அமிலங்களும் அம்மோனியாவும் முளையைக் கருக்கும்.

ஆறிவிட்டதா என்று பார்க்க, ஒரு கைப்பிடி ஈர உரத்தைக் காற்றுப் புகாத பையில் அடைத்து மூன்று நாள் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் முடிந்தது. புளிப்போ நெடியோ வந்தால் இன்னும் இருக்கிறது. கூடவே ஒரு தட்டில் உரமும் இன்னொரு தட்டில் சாதாரண மண்ணும் வைத்து 20 முள்ளங்கி விதைகளை ஒவ்வொன்றிலும் தூவுங்கள். ஒரு வாரத்தில் இரண்டிலும் ஒரே அளவில் முளைத்தால் நாற்றுக்கும் அந்த உரத்தை நம்பலாம்.

பருமனில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். 1 செ.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் சுள்ளியை அடுத்த குவியலில் போடுங்கள். நுண்ணுயிரிகள் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். முட்டை ஓடு அப்படியேதான் வரும். அது மட்கும் பொருளல்ல. பொடித்துப் போட்டிருந்தால் கண்ணில் படாது.

பாத்திக்கு 2 முதல் 3 செ.மீ. கனத்துக்கு மேலாகப் பரப்பினால் போதும். கொத்திப் புதைக்க வேண்டியதில்லை. தொட்டிக் கலவையில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். உரம் மட்டுமே நிரப்பிய தொட்டியில் உப்பு ஏறும், ஓராண்டில் தொட்டி பாதியாக இறங்கிவிடும். மரத்துக்குப் போடும்போது தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். மிஞ்சியதைச் சாக்கில், லேசான ஈரத்தோடு, நிழலில், வாயைக் கட்டாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் காற்றில்லாமல் திரும்பவும் புளிக்கத் தொடங்கிவிடும்.